கை நனைத்த மதியம்

ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் என்ன சாப்பிடலாம் என்று பார்ப்பார்கள். நான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, என் வயிறு அப்படி. நானே வடித்த சோறும் மிளகு ரசமும் என்றால் சமர்த்தாகக் கிடக்கும். வெளியில் ஒரு கரண்டி சாம்பார் உள்ளே போனால் போதும், சற்று நேரத்தில் என்னை எழுந்து ஓட வைத்துவிடும். எஸ்டேட் ஆலையில் என்னோடு தேயிலை சலிக்கிற பெண்கள் இதற்குத் 'துரை வயிறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துரைமாருக்குத்தான் எதுவும் ஒத்துக்கொள்ளாதாம்.

அந்த வயிற்றோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். மகளின் கல்யாணப் பேச்சு. எங்கள் ஆட்களில் பெண் கேட்டு வருகிறவர்கள், பேச்சு முடிகிற வரை பெண் வீட்டில் காப்பிக்கு மேல் எதையும் தொடமாட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லைன் வீட்டில் அத்தனை பேருக்கு இலை போட இடம் ஏது? அதனால் ஹோட்டல். சாப்பிட்டதும் எஸ்டேட் கோவிலுக்குத் திரும்பி நல்ல நேரத்தில் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஈப்போவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையே வேன் ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்.

காலையில் எனக்குச் சேலை மடிப்பை எடுத்துவிட்டபடியே மகள் சொல்லியிருந்தாள்.

"ம்மா, இன்னிக்கு உங்க வயித்துக் கதைய ஆரம்பிச்சிடாதீங்க லா. அவரோட பெரியம்மா ஒரு மாதிரி. பொண்ணுக்கும் அந்த நோவு வருமான்னு கெளப்பி விட்டுருவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுக்கொண்டா திரிகிறேன்? ஆனாலும் வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெரியம்மாவே என் எதிர் இலையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், ஊறுகாயைக்கூட விடாமல் வழித்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். நான் வெறும் சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்ன சம்பந்தியம்மா, வெறுஞ்சோத்தயே பெசஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் பெரியம்மா. "மனசுல ஏதும் கொறையா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

பெரியம்மா பரிமாறுகிறவரை நிறுத்தி எனக்குக் காரக்குழம்பு ஊற்றச் சொன்னார். எண்ணெய் மிதக்கும் குழம்பு சோற்றின் மேல் பரவியது. ஒரு வாய் வைத்தேன். இன்னொரு வாய். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் முழுவதையும் சாப்பிட்டேன். சிரித்துக்கொண்டே இலையை என் பக்கமாக மடித்தேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

கடையின் பின்பக்கம் போனால் ஒரே ஒரு கழிப்பறை. அதன் முன்னால் சுற்றுலா பஸ்ஸில் வந்த கூட்டம் வரிசை கட்டி நின்றது. "நல்ல நேரம் போவுது, ஏறுங்க ஏறுங்க," என்று பெரியம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். ஏறினேன். வேறு வழி?

எஸ்டேட்டுக்குத் திரும்புகிற பிரிஞ்சாங் சாலை பள்ளி விடுமுறையில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா! கீழேயிருந்து வந்த காரெல்லாம் ஸ்ட்ராபெரித் தோட்டம் பார்க்கப் போகிறது. வேன் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. முதல் வளைவிலேயே அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டேன். விட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும், முன்னைவிட மோசமாக.

"இந்தக் குளுர்ல உங்களுக்கு இப்பிடி வேர்க்குதே?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியம்மா.

"சேல கனம்," என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. நிறுத்தச் சொன்னால் விஷயம் வெளியே வரும், மகளுக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் அவர்கள் வேனிலேயே மானம் போகும். பிறகு எந்த முகத்தோடு தட்டு மாற்றுவது? நான் கும்பிடாத சாமி இல்லை.

திடீரென்று வேன் இடதுபக்கம் ஒதுங்கி ஒரு பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது.

"டயர்ல காத்து கொறஞ்ச மாதிரி இருக்கு," என்றார் மாப்பிள்ளை. "எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க. பாத்துட்டுப் போலாம்."

"இப்பத்தானா?" என்று பெரியம்மா அலுத்துக்கொண்டார். மாப்பிள்ளை அதைக் காதில் வாங்காமல் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். குரலைத் தாழ்த்தி, "அத்தை, கடைக்குப் பின்னால. சுத்தமாத்தான் இருக்கு. காலையில வர்றப்பவே பாத்து வெச்சேன்," என்றார்.

எனக்கு எதையும் யோசிக்க நேரமில்லை. நடந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடினேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மகள் தண்ணீர்ப் போத்தலோடு நின்றிருந்தாள். தூரத்தில் மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லாத டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பக்கத்தில் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீதான் அவருகிட்ட சொன்னியா?"

"ஆமாம்மா. மொத தடவ பேசினப்பவே."

"என்னைய மட்டும் வாயத் தொறக்கக் கூடாதுன்னே?" எனக்குக் கோபம்தான் வந்தது.

"அது பெரியம்மாவுக்காக. இவருகிட்ட வேணும்னேதான் சொன்னேன். சிரிக்கிறாரான்னு பாக்கணும்ல?"

போத்தலை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சிரிக்கலம்மா. என்ன சாப்புட்டா அவங்களுக்கு ஒத்துக்கும்னு கேட்டாரு."