நுரையீரல் பெட்டியும் நானும்

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் பேப்பரில் வரும் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் பெரிய டாக்டர், பக்கத்தில் சின்ன டாக்டர்கள், ஓரத்தில் ஒரு பெட்டி, அதைப் பிடித்தபடி ஒரு கை, அந்தக் கை என்னுடையது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும் நுரையீரலை, இன்னொருவருக்குப் பொருத்தும்வரை கெடாமல் வைத்திருக்கும் டெக்னீசியன் நான். பாளையம்பட்டியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். குரூப் போட்டோவில் தலை வெட்டுப்பட்டவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முழுசா ஒண்ணு

எடுத்த நுரையீரலைப் பாதிக் காற்றோடு வைக்க வேண்டும். குறைந்தால் சுருங்கிவிடும், கூடினால் கிழிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை பழகுவதற்காக எங்கள் ஊர்க் கறிக்கடைக்குப் போனேன். "ஆட்டு நொரையீரலு, மூச்சுக்கொழாயோட, கீறல் படாம முழுசா வேணும்ணே" என்றேன். "கொழம்புக்கா, வறுவலுக்கா?" என்றார் கடைக்காரர். "காத்தடிச்சுப் பாக்க" என்றேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றது.

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, அதன் மூச்சுக்குழாயில் காற்றடிக்கும் பையை மாட்டி அமுக்கினேன். அழகாக விரிந்தது. ஆசையில் இன்னொரு அமுக்கு. டப்பென்று கிழிந்து, கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரரின் மில் யூனிஃபார்மில் பாதி ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே கேட்டார்: "போன வாரம் கொண்டுபோனதுக்கு உசுரு வந்துருச்சா தங்கச்சி?"

எக்ஸ்ரே

எதிர்வீட்டு அக்கா கணவருக்குத் தீராத இருமல். எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்துவிட்டார். நான் டாக்டர் இல்லை, உடம்புக்கு வெளியே இருக்கும் நுரையீரலைப் பற்றித்தான் எனக்குத் தெரியும் என்று பணிவாகச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவுகளோடத வெளிய எடுத்தாத்தான் பாப்பீகளாக்கும்?"

சீட்டுப் பிடிக்கும் பெட்டி

பயிற்சிக்கு வைத்திருந்த பழைய பெட்டியின் கொக்கி உடைந்தது. "எங்க ஊர்ப் பட்டறையில சரிபண்ணிக் கொண்டு வாரேன்" என்று வாயைக் கொடுத்தேன். சாயங்கால பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. காரியாபட்டியில் ஏறிய ஒருவர் பெட்டியில் ஒட்டியிருந்த 'மனித உறுப்பு' என்ற சிவப்பு எழுத்தை உரக்கப் படித்தார். என்னைச் சுற்றி இரண்டு சீட் காலியானது.

அந்தச் சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மனசு கேட்காமல், வெறும் பெட்டிதான் என்று காட்ட மூடியைத் திறந்தேன். உள்ளே என் மத்தியானத் தூக்குவாளி இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். "ஏம்மா, இதுக்குள்ள வச்ச சோத்தையா தின்னீக?"

பத்து டிகிரி

திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. மூளைச்சாவு என்று டாக்டர்கள் உறுதி செய்தபின், உறுப்புகளைக் கொடுக்க அவர் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தார். நான் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது வராந்தாவில் அந்த அம்மா என்னை நிறுத்தினார். "அது ஐஸு பொட்டியா தாயி? அவுகளுக்குக் குளிரு ஆகாது."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ பாடம் நடத்தினேன்: இது புதுப் பெட்டி, ஐஸ் அளவுக்குக் குளிராது, பத்து டிகிரியில் நுரையீரல் இன்னும் அதிக நேரம் தாங்கும். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்து டிகிரின்னா எம்புட்டுக் குளிரு?" என்றார். "கொடைக்கானல்ல காலையில அடிக்குமே, அம்புட்டுத்தாம்மா" என்றேன்.

அந்த அம்மா மூடிமேல் ஒரு நிமிஷம் கை வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "அவுக கொடைக்கானல் பாத்ததில்ல. சரி, பதனமா கூட்டிட்டுப் போங்க."

முடிச்சு

அந்த நுரையீரல் அன்றே விமானத்தில் சென்னைக்குப் போனது. கூடவே நானும். வழியெல்லாம் பெட்டியின் வெப்பமானியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பத்தைத் தாண்டி ஒரு புள்ளி ஏறினாலும் எனக்கு வியர்த்தது. அங்கே ஆபரேஷன் மேசையில் ஒரு பெண் நெஞ்சு திறந்த நிலையில் காத்திருந்தார். சர்ஜன் நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த பைகளைப் பிரிக்கத் தொடங்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பை. திடீரென்று நிமிர்ந்து, "இதைக் கட்டினது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்று கையைத் தூக்கினேன். காற்று கூடிவிட்டதோ, கிழிந்துவிட்டதோ என்று அந்த ஆட்டு நுரையீரலெல்லாம் கண்முன் வந்தது.

சர்ஜன் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். "நுரையீரல் அருமையா இருக்கு. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் தனியா ஒரு டாக்டர் வேணும்."

நான்காம் நாள், அந்தப் பெண் மெஷின் இல்லாமல் மூச்சு விடுகிறார் என்று போன் வந்தது. இரு தரப்புக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. திருச்சுழி அம்மாவிடம், "நல்லா இருக்காக" என்று மட்டும் சொல்லும்படி எங்கள் ஆஸ்பத்திரி ஆட்களிடம் கேட்டுக்கொண்டேன்.

பெரிய மருத்துவ வேலை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேனே தவிர, ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் வாங்கும்வரை கீழே போடாமல் பிடித்திருப்பதுதான் என் வேலை.