தாரணியின் வெற்றி வாய்ப்பை நாங்கள் உயர்த்திய விதம்

நீண்ட ஆலோசனைக்குப் பின், இன்று மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து அந்தப் பணத்தை ஜனநாயகத்தில் முதலிட்டேன்.

ஜேர்மனியின் எசன் நகரில் இருக்கும் அக்காவின் மகள் தாரணி அங்கே மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறாள். இணையத்தில் தேர்தல் பந்தயம் நடத்தும் தளமொன்று, யார்மீது எவ்வளவு பணம் விழுகிறது என்பதை வைத்து, அவள் வெல்ல முப்பது சதவீத வாய்ப்பே இருப்பதாகக் காட்டியது. குடும்ப கௌரவத்துக்கு இது போதாது.

சொந்தக்காரர் எல்லோரும் அவள் வெல்வாள் என்று பந்தயம் கட்டினோம். அந்தத் தொகுதி மீது பந்தயம் கட்டுபவர்கள் குறைவு. மாலைக்குள் அவளது வாய்ப்பு எழுபதாகிவிட்டது.

பெருமையோடு அவளை அழைத்தேன்.

“மாமா, அதை ஏத்தினது நீங்களோ?”

“ஓம் பிள்ளை. லண்டன் சித்தப்பாவும் போட்டவர்.”

“எங்கட கட்சிக்காரரும் அதைப் பாத்திட்டினம். நான் வெல்லுறது உறுதியாம்.”

“பிறகென்ன, சந்தோசம்தானே?”

வீடு வீடாகப் போய் அவளுக்கு வாக்குக் கேட்டுவந்த தொண்டர்கள் அனைவரையும் கட்சி நாளை முதல் பக்கத்துத் தொகுதிக்கு அனுப்புகிறது.