கண்ணாடியைக் கழுவிய தண்ணீர்

மரக்காணம் உப்பளத்துத் தொழிலாளர்களுக்காக, உப்புத் தண்ணீரை வெயிலில் குடிநீராக்கும் கண்ணாடிப் பெட்டியை எங்கள் கல்லூரிக் குழு அன்று காலைதான் பொருத்தியிருந்தது. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போனால் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. வரப்பில் ஒரு கேன் தண்ணீர். யாரையும் கேட்காமல் எடுத்து முழுவதையும் ஊற்றிக் கழுவினேன். போட்டோ அருமையாக வந்தது.

உச்சி வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்த அஞ்சலை அக்கா கேனைச் சாய்த்துப் பார்த்தார். அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் ஊரிலிருந்து சுமந்து வந்த குடிதண்ணீர் அது.

"நான்தாங்க்கா... கண்ணாடி கழுவ எடுத்துட்டேன்."

"சரி, வுடு தம்பி. உங்க பொட்டியில நல்ல தண்ணி வரும்னீங்களே, அதுல ஒரு டம்ளர் குடு."

குழாயைத் திறந்தேன். நாலைந்து சொட்டு விழுந்து நின்றது. அவர் டம்ளரை நீட்டியபடியே நின்றார்.

அந்தப் போட்டோ கல்லூரிச் சுவரில் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் கூசுகிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.