காத்தமுத்து வாயில் வைக்காத வெங்காயம்

வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் காத்தமுத்துவின் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டபோது அவருடைய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்கம்மா முன்னால் வந்து, "கூப்பிடாதீங்க கணக்கப்பிள்ளை ஐயா. அவரு விடியக்காலையில போயிட்டாருங்க" என்றாள். பெயரேட்டை மூடிவிட்டு, அவர் உடல் கிடந்த காம்பராவுக்குப் போனேன்.

பூனாகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உங்களில் பாதிப் பேர் அவருடைய வெங்காயத்தில் குழம்பு வைத்தவர்கள். வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், அடுப்புச் சாம்பல் போட்டுக் கொத்திய சிறு பாத்தி அது. சித்திரையில் ஊன்றுவார். ஆடிக் காற்றில் தாள் தானாகச் சாயும்வரை யாரையும் பிடுங்க விடமாட்டார். "அதுவா படுக்கட்டுங்க, நமக்கு என்ன அவசரம்" என்பார். என்னையே ஒருமுறை பாத்தியிலிருந்து விரட்டியிருக்கிறார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையை விரட்டத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் பாத்தி அவர் மனைவி அஞ்சலைக்காகப் போட்டது. கடலுக்கு அக்கரை, துறையூர்ப் பக்கத்திலிருந்து அவளை அழைத்துவர, ஆள் சேர்க்கப் போன கங்காணியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "பழைய சோத்துக்கு வெங்காயம் இல்லாட்டி சட்டியத் தொட மாட்டாளுங்க" என்று சிரித்தபடி மண் அணைத்தார். கங்காணி ஆட்களோடு வந்து சேர்ந்தபோது அஞ்சலை இல்லை. வழியில் பேதி கண்டு இறந்திருந்தாள். அந்த வருடம் அவர் வெங்காயத்தைப் பிடுங்கவே இல்லை. மழையில் அழுகியது போகத் தப்பியதை விதைக்கு எடுத்து மறு வருடம் ஊன்றினார்.

அதற்குப் பிறகு விளைந்ததெல்லாம் மற்றவர்களுக்குத்தான். அவர் வாயில் வைத்ததில்லை. கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் நானே ஒன்றை உரித்து நீட்டினேன். "வேணாங்க ஐயா. சேந்து தின்னலாம்னு போட்டது. தனியா உள்ள எறங்க மாட்டேங்குது" என்றார். 

உறவென்று யாரும் இல்லாததால் லயத்தாரே கருமாதிப் படையல் போட்டார்கள். இலையில் சோறும் கருவாடும் வைத்தாயிற்று. வெங்காயம் மட்டும் கூடாதென்று ராக்கம்மா தடுத்தாள். "நேர்ந்துக்கிட்டவருங்க. எலையில வச்சா பாவம்." வருடாவருடம் வளர்த்ததை வைக்காமல் மனிதரை எப்படி அனுப்புவது? நேர்த்தி எதுவும் இல்லையென்று, அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். ராக்கம்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

அவருடைய விதை வெங்காயத்தில் ஒரு பிடி இப்போது என் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்குகிறது. வரும் சித்திரையில் ஊன்றுவேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அன்று கண்டதும்தான்: உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப ஒரு எலை பத்தாதுங்களே" என்று ராக்கம்மா அவர் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையை விரித்தாள்.