கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடும்

எண்பதுகளின் கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் சட்டம் படிப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது நான்தான். உத்திரமேரூரில் என்னைப் பேசி வென்றவர் கிடையாது. பாதியிலேயே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நைனா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நுழைவுத் தேர்வுல தேறினா போ. இல்லன்னா கம்முனு நம்ம நெல்லு மண்டியில வந்து குந்து."

மண்டித் தூசி பட்டாலே எனக்குத் தும்மல் நிற்காது. ஆகவே தேறியே ஆகவேண்டும்.

அந்தத் தேர்வில் தர்க்கக் கேள்விகள் என்று ஒரு பகுதி. இரண்டு வாக்கியம் கொடுப்பார்கள். அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று சொல்லவேண்டும். எனக்கா இது கஷ்டம்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த பாயின் மகன் என் வகுப்புத் தோழன். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் அவன் கல்லாவில் உட்கார்ந்து, பழைய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்பான். நான் துணி மூட்டையில் சாய்ந்தபடி தீர்ப்பு வழங்குவேன்.

"மழை பேஞ்சா ஏரி ரொம்பும். மழை பேஞ்சுது. அப்போ?"

"சொல்ல முடியாது."

"டேய், ஏரி ரொம்பும்டா!"

"எப்டிடா ரொம்பும்? வரத்துக் கால்வாய தூர் வாரலன்னா தண்ணி எங்கேர்ந்து வரும்?"

அவன் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

"எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வரும். காஞ்சிபுரத்துக்குப் போறது ஒரு பஸ்ஸு. அப்போ?"

நான் எழுந்துபோய் வெளியே எட்டிப் பார்த்தேன். "இன்னும் வரல."

புத்தகத்தாலேயே தலையில் ஒன்று போட்டான். "கேள்வியில இன்னா போட்டுக்கீதோ அத்த மட்டும் நம்புடா. ஏரி, பஸ்ஸு எதையும் நீ பாத்ததே இல்லன்னு நெனச்சிக்கோ. இப்டியே பேசிக்கினு இருந்தா ஒனக்கு மண்டிதான்."

மண்டி என்றதும் தும்மல் வந்துவிட்டது. அன்றிலிருந்து, நேற்றுத்தான் வானத்திலிருந்து குதித்தவனைப் போல எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்து பழகினேன். என் முகவாகுக்கு அது சுலபமாகவே பொருந்தியது. விடைகளும் மளமளவென்று சரியாக வந்தன. மெட்ராஸ் தேர்வு மண்டபத்துக்குள் நான் நுழைந்த நடையைப் பார்த்தவர்கள் கேள்வித்தாள் தயாரித்தவன் வருகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

பாதித் தாளில் அந்தக் கேள்வி வந்தது. 'கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆகவே?'

பேனா நின்றுவிட்டது. கரண்டு வேண்டாமா? எங்கள் வயலில் கிணறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நாங்கள் காய்ந்துகிடந்த நாட்கள் எத்தனை! 'சொல்ல முடியாது' என்ற விடையும் கீழே தயாராக நின்று கண்ணடித்தது. மண்டியை நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு 'மோட்டார் ஓடும்' என்று குறித்தேன்.

சீட்டு கிடைத்த செய்தி வந்ததும் வயலுக்கு ஓடினேன். நைனா மோட்டார் கொட்டகையில் கரண்டுக்காகக் காத்திருந்தார். சேதியைச் சொல்லிவிட்டு, பெருமை தாங்காமல் அந்தக் கேள்வியையும் சொன்னேன்.

"நீ இன்னா எழுதின?"

"ஓடும்னு."

"கரண்டு?"

"அத்த அவங்க கேக்கல நைனா."

நைனா கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டினார். மோட்டார் மூச்சுவிடவில்லை.

"சரியாத்தான் எழுதிக்கீற," என்றார். "சீக்கிரம் படிச்சி வக்கீலாயி வா. வந்து இத்த அந்த கரண்டு ஆபீஸ்காரங்கிட்ட சொல்லு."