கங்காணியின் இரண்டு திரை வீடியோ கேம்

எங்கள் கங்காணியின் வீடியோ கேம் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து முதலில் கொண்டுவந்தது ஒற்றைத் திரை. அடுத்து வந்தது மேலும் கீழும் இரண்டு திரை, பெட்டி மாதிரி மூடித் திறக்கலாம். 'ஏ' பொத்தானை அழுத்தினால் ஆட்டம் மெதுவாக ஓடும், 'பி' என்றால் பறக்கும். திரையில் விளக்கு கிடையாது, வெளிச்சத்தில்தான் ஆட முடியும். கடிகாரமும் அலாரமும் உண்டு. அந்த அலாரம்தான் எங்கள் உயிரை எடுத்தது.

எண்பதுகளில் போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அக்கா காய் எடுத்தாள். நான் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு போட்டேன். ஏலக்காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குனிந்து, முற்றிய காயை மட்டும் விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அக்காவின் விரல்தான் சோறு.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பெட்டி கூவியதும் எழுந்துவிட வேண்டும். வாயில் கவளம் இருந்தால் பிரம்படி. "இங்க என் பெட்டிதான் மணி. அது சொல்றதுதான் சட்டம்" என்பான். கூவிய பிறகு காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நின்ற ஒருத்தியை அதே காலில் அடித்தான்.

ஒருநாள் காலையிலிருந்து 'பி' ஆட்டமே ஆடினான். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, தீர்ந்துபோனது. திரை வெளுத்தது. மத்தியானம் பெட்டி கூவவில்லை. ஒருத்தியும் எழவில்லை. சோற்றை முடித்து, கை கழுவி, வெற்றிலையும் போட்டாயிற்று. அவன் பிரம்போடு ஓடிவந்தான்.

"ஏண்டி, சோலியப் பாக்காம என்னடி மாநாடு?"

"ஒங்க பெட்டி இன்னும் கூவலையேண்ணே" என்றாள் அக்கா. "அதுக்கும் சோறு வைக்கலையா?"

பெண்கள் சிரித்தார்கள். பிரம்பைத் திருப்பி இரும்புப் பூண் போட்ட பக்கத்தால் அவள் தலையைக் குறிவைத்தான். அக்கா கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் ஸ்டோர் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

கையிலிருந்த விறகுக் கட்டையால் அவன் வாயில் அடித்தேன். பல்லும் ரத்தமுமாக விழுந்தான். பெட்டியும் விழுந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள், அவன் "டேய், பெட்டிய மிதிச்சிராதடா" என்கிறான். மிதித்தேன். திரையிலிருந்து மை மாதிரி கறுப்பாகப் பரவியது. அவனையும் மிதித்தேன், ஆட்கள் இழுக்கும்வரை.

அன்றே எங்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. இன்றும் படவில்லை. அக்கா அதன்பின் காய் எடுக்கவே இல்லை. இப்போது போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் அவள் வீட்டுக்குப் போனால், தட்டை என் முன்னால் வைத்து, "மெதுவாச் சாப்புடு தம்பி" என்பாள். பிசைந்து சாப்பிடும்போது அவளுடைய ஒரு விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும்.