ஒடில் கூப்பிட்ட கிளி

"உஷ்! மூச்சு விடக்கூடாது. கிளிக்குப் பாம்புச் செவி" என்று பள்ளிப் பிள்ளைகளை அடக்கிவிட்டு, ஆசிரியை ஒடில் தான் மட்டும் பேசிக்கொண்டே பனங்காட்டுக்குள் நடப்பாள். எங்கள் பிராலின் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கறுப்புக் கிளி கிடையாது என்பதில் தொடங்கும் பேச்சு, பாதை வளைவதற்குள் அவள் கணவரின் குறட்டை வரை வந்துவிடும். இத்தனை சத்தத்துக்கு எந்தக் கிளி காத்திருக்கும்?

அவர்களைக் காட்டுக்குக் கூட்டி வரும் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன் என்பதால் இதையெல்லாம் பின்னாலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதும் இப்படித்தான். ஆசிரியர் அவளை வாசலில் நிறுத்தினால் தெருவோடு பேசுவாள்.

பேச்சு ஓய்ந்தால் சீட்டி. கன்னங்கள் பேத்தை மீனாக உப்ப, கிளியைப் போலவே நீட்டி அடிப்பாள். கிளிதான் வராது. மீனவர் மார்செலின் மகள் மெலினா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"மதாம், அந்தக் கிளிய நீங்களாச்சும் பாத்திருக்கீங்களா?"

"என்னடி கேள்வி இது? நானும் அதுவும் தாயா புள்ளையா பழகினவங்க."

"அப்ப ஏன் கூப்பிட்டா வரமாட்டேங்குது? கோச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

ஒடில் பதிலுக்கு ஒரு சீட்டி அடித்தாள். காட்டுக்குள்ளிருந்து எதிர்ச்சீட்டி வந்தது! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளைகளைக் குனியச் சொல்லி, சீட்டியும் எதிர்ச்சீட்டியுமாகப் பதுங்கிப் பதுங்கிப் போய் ஓலையை விலக்கினாள். அங்கே நின்றது ரோனி, சுற்றுலாப் பயணிகளுக்கு வழி காட்டுகிறவன். அவன் பின்னால் வெள்ளைக்காரர்கள் வரிசையாக முட்டி போட்டிருந்தார்கள்.

"அட, நீயா ஒடில்? கிளின்னு நெனச்சு இவங்கள மண்டி போட வச்சிட்டனே!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு படகுத்துறையில், மீன் கடையில், மாதா கோயில் வாசலில்கூட அவளைக் கண்டால் யாராவது சீட்டியடித்தார்கள். "ஊதுங்கடா, பல்லு கொட்டற வரைக்கும் ஊதுங்க" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் என் பேருந்தில் தனியாக வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த தடவ வேற யாராச்சும் கூட்டிட்டுப் போகட்டும்ப்பா. என் மூஞ்சியப் பாத்தாலே புள்ளைங்களுக்குச் சிரிப்பு வருது. அப்புறம் கிளிய எங்க பாக்க?"

சொன்னபடியே காட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவள் இல்லாத அந்தக் காட்டுப் பயணங்களில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது.

ஒரு பிற்பகல், பள்ளி விட்டு வரும் வழியில் கடைசி நிறுத்தத்தில் அவளை இறக்கிவிடும்போது மெலினா இரைக்க இரைக்க ஓடிவந்தாள்.

"மதாம், எங்க பிலிம்பி மரத்துல ஒரு அழுக்குப் பறவை. புளிப்புக் காயெல்லாம் கடிச்சுக் கடிச்சுப் போடுது. அப்பா கல்லெடுத்துட்டாரு. மதாம், அது உங்கள மாதிரியே சீட்டியடிக்குது!"

ஒரு செருப்பு என் பேருந்துப் படியில் கிடக்க, ஒடில் ஓடினாள். நானும் ஓடினேன்.

முற்றத்தில் மார்செல் கல்லோடு கை ஓங்கி நின்றிருந்தார். "மீன் குழம்புக்குப் போட வச்சிருந்த காய் அத்தனையும் நாசம், சனியனே!" அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மரத்தடியில் கூடிவிட்டார்கள். கிளையில், காலால் ஒரு பிலிம்பியைப் பிடித்துக்கொண்டு, சாறு ஒழுகத் தின்றுகொண்டிருந்தது, புகை படிந்த பழுப்பு நிறத்தில் ஒரு கிளி.

"இதுவா மதாம்? கறுப்பா இருக்கும்னீங்களே?" மெலினா கிசுகிசுத்தாள்.

"கரியக் கழுவினா இந்த நெறந்தான்டி வரும்" என்றாள் ஒடில், குரலே இல்லாமல். அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் வாய் மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிளி தலையைச் சாய்த்து ஒரு சீட்டி அடித்தது. உள்ளதைச் சொன்னால், ஒடிலின் சீட்டி அதைவிட நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. வாய் பிளந்து அண்ணாந்து நின்றார்கள்.

"இதுக்கா இத்தனை கூத்து? என் காய்க்கு யாரு பதில் சொல்றது?" என்றார் மார்செல். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை.

ஒடில் மரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கல்லை எடுத்தாள். அதைத் தன் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.